நாலு விரற்கடை

டயர் மாற்றப் போன அன்று நாகூர் கனி பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் தங்கச்சி புருஷன் பீமாராவ் அதற்கு உண்மையான பதிலைச் சொன்னான். அதற்கப்புறம் அந்த டயர்களைப் பற்றி ஊர், காலனி, தாலுகா ஆபீஸ் என்று எத்தனையோ பேர் பேசித் தீர்த்தார்கள். அந்தக் கேள்வியை மட்டும் அவனிடம் யாரும் கேட்கவில்லை.

மதுரை பழங்காநத்தத்தில் பாய் கடை. பீமாராவ் தன்னுடைய பிக்கப்பை ஓரங்கட்டி இறங்கியதும் பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"எதுக்கு மாத்தணும்கிறீங்க? லோடுக்கா, லுக்குக்கா?"

பீமாராவ் என்னை ஒரு பார்வை பார்த்தான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மச்சான் முன்னால் இதைச் சொல்லக் கூச்சப்பட்டது நியாயம்தான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லுக்குக்குத்தான் பாய்," என்றான்.

பாய்க்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. லோடுக்கு என்றால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பாராம். பெரிய டயர் போட்டால் டீசல் கூடக் குடிக்கும், ஸ்டியரிங் கனக்கும், முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசும், மீட்டர் ஒரு வேகம் காட்ட வண்டி ஒரு வேகம் போகும். ஆசைக்குப் போடுகிறவன் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வான், பிழைப்புக்குப் போடுகிறவன் மறுநாளே சண்டைக்கு வருவான் என்றார். தொழில் தெரிந்த மனிதர்.

பழைய சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கறுப்பு அலாய் வீலில் புது டயரை ஏற்றினார்கள். பேலன்ஸ் பார்த்து விளிம்பில் ஈயக்கட்டி ஒட்டினார்கள். மட்கார்டின் உள் உதட்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டையில் ஒரு பட்டை கூடச் சேர்த்தார்கள். நட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கி ஜாக்கியை இறக்கியபோது, வண்டி இறங்கிய மாதிரியே தெரியவில்லை. பாய் கடையில் எலுமிச்சம்பழம் கூட இருந்தது. நம் ஆட்கள் எப்படியும் கேட்பார்கள் என்று அவரே வாங்கி வைத்திருக்கிறார். நாலு டயருக்கும் நாலு பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினோம்.

எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பீமாராவ் கேட்டதற்கு, பாய் கையை நீட்டிக் கட்டைவிரலை மடக்கிக் காட்டினார். நாலு விரற்கடை. டயரில் இரண்டு, பட்டையில் இரண்டு. அம்புட்டுத்தான்.

அந்த நாலு விரற்கடையில் என்ன தெரியும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பி வரும்போது எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையை ஒட்டி வண்டி போனது. கரை நெடுகச் சீமைக்கருவேல். பிறந்ததிலிருந்து அந்த வழியில் போய் வருகிறோம், இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் முள்தான் தெரியும். பீமாராவ் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டான்.

"மச்சான், தண்ணி தெரியுதுய்யா," என்றான்.

தெரிந்தது. முள்ளுக்கு மேலே ஒரு கோடு மாதிரித் தண்ணீரும், அதில் நாலைந்து கொக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பசி. அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. என் தங்கச்சி முத்துமீனாவிடம் இதை நான் சொல்லவில்லை.

அவள் வேறு விதமாக வரவேற்றாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று ஊர்த்தெரு முனைக் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தவள் வண்டியைப் பார்த்து நின்றாள். எங்கள் காலனிக்குத் தனியாகக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. கேட்டு வாங்குவதற்குள் கேட்டவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குடத்தை இறக்காமலே, இனிமேல் வண்டியில் ஏற ஏணியும் சேர்த்து வாங்கிவந்தாயா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எங்கள் ஊர் கூத்தனேந்தல், மதுரைக்கு மேற்கே. தார்ரோட்டிலிருந்து திரும்பினால் முதலில் ஊர்த்தெரு. அங்கே இடுப்பு உயரத் திண்ணையோடு கல் சாவடி. அதைத் தாண்டிச் சிமெண்டு ரோடு முடியும் இடத்தில் மண்பாதை ஆரம்பிக்கும், அது எங்கள் காலனிக்கு வரும். மழை பெய்தால் அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது. வெயில் காலத்திலும் வந்ததில்லை. பாதை நடுவே ஊர்த்தெருக் காசிமாயனின் வயல் மூலை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பட்டை நிலம் கொடுத்தால்தான் ரோடு போட அகலம் கிடைக்கும். அதில் தன் குலசாமி இருக்கிறது, சாமி இடத்தைக் கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். சாமி என்று அங்கே இருந்தது வரப்பு மேட்டில் ஒரு கல். வருஷத்துக்கு ஒரு தடவைகூட அதற்கு யாரும் சூடம் காட்டி நான் பார்த்ததில்லை.

எங்கள் அப்பன்மார் காலத்தில் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். செருப்பு கையில். இப்போது அதெல்லாம் இல்லை. சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. காசிமாயனை எங்கள் பெரியவர்கள் 'அய்யா' என்பார்கள், பீமாராவ் 'அண்ணே' என்பான். அவரும் 'ஏப்பா பீமா' என்றுதான் கூப்பிடுவார். பழக்கமும் நல்ல பழக்கம்தான். அவர் தோட்டத்துக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விடியற்காலையில் பீமாராவ் வண்டியில்தான் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும். அவர் முன்சீட்டில் ஜன்னலோரம், நான் நடுவில். செல்லூரில் தறிக்கூடத்தில் எனக்கு வேலை. போகிற வழியில் இறங்கிக்கொள்வேன். வழி நெடுக அவர் தன் மூட்டு வலியைப் பற்றிப் பேசுவார், நாங்கள் கேட்டுக்கொண்டு வருவோம்.

புது டயர் போட்ட மறுநாள் சாவடி முன்னால் வண்டி நின்றது. கூடை ஏற்ற வந்த எங்கள் காலனி ரெங்கம்மாள், பின்தட்டு உயர்ந்துபோனதற்கு முதல் ஆளாக முணுமுணுத்தாள். காசிமாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தார். இடது காலைத் தூக்கினார். கால் படியை எட்டவில்லை. வலது காலை முயன்றார், அது பாதியிலேயே நின்றுவிட்டது.

சாவடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள். பீமாராவ் பதறிப்போய்ச் சுற்றி ஓடிவந்து பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அது ஆடியது. உடனே தானே வண்டிக்குள் ஏறி மேலே இருந்து கையை நீட்டினான். நல்ல எண்ணம்தான். வேறு எந்த இடத்தில் நீட்டியிருந்தாலும் நல்ல எண்ணமாகவே இருந்திருக்கும்.

காசிமாயன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாவடியைப் பார்த்தார். அந்தத் தெருவில், அத்தனை பேர் பார்க்க, எங்கள் கையைப் பிடித்து மேலே ஏறிய ஆள் அதுவரை கிடையாது. வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது, இன்றைக்கு நான் வரவில்லை, காயைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். நடையில் நொண்டல் இல்லை. அதைக் காட்டக் கூடாது என்று நடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே சாவடியில் பேச்சு திசை மாறிவிட்டது. காலுக்குப் படி எட்டாததை யாரும் பேசவில்லை. அதைப் பேசினால் அவர் மூட்டைப் பேசவேண்டிவரும். பேசியதெல்லாம் தலையைப் பற்றி. முன்பெல்லாம் பிக்கப் போகும்போது ஓட்டுகிறவன் தலை சாவடியில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இப்போது கொஞ்சம் மேலே இருக்கிறது. மேலே இருந்து பார்த்துக்கொண்டு போகிறான், திமிர் ஏறிப்போச்சு என்றார்கள். பீமாராவ் அவர்களைப் பார்க்கவே இல்லை. அந்தத் தெருவில் குறுக்கே கட்டியிருக்கும் மாடுகளைப் பார்த்து ஓட்டுவதற்கே அவனுக்குக் கண் போதாது.

மனு எழுதினார்கள். எங்களைவிட உயரத்தில் போகிறான் என்று எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. எழுதினால் எந்தச் சட்டத்தில் உள்ளே போகவேண்டிவரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் வண்டி விளக்கு வீட்டுக்குள் அடிக்கிறது, சத்தத்தில் பசு பால் சுரக்க மறுக்கிறது, அரசு அனுமதி இல்லாத டயர் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். மேற்படி வாகனம் பொது அமைதிக்குக் குந்தகமாக நான்கு விரற்கடை உயர்ந்துள்ளது.

ரோடு கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் எந்த பீரோவில் செல்லரிக்கின்றன என்று தெரியாது. இந்த மனுவுக்கு அந்த வாரமே அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எங்கள் தரப்பில் பேச சித்தார்த் வந்தான். எங்கள் காலனிப் பையன்தான், சட்டம் படித்துவிட்டு மதுரையில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறான். கெட்டிக்காரன், நல்ல பையன், எங்களுக்காக எந்த வாசலிலும் போய் நிற்பான். ஒரே குறை, எதைப் பார்த்தாலும் அதில் ஒரு வழக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். போகும்போது வண்டியில் வைத்தே பீமாராவிடம், அங்கே நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

தாசில்தார் அம்மா பொறுமைசாலி. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து மனுவைப் படித்தார். நாலு விரற்கடையில் வந்து நின்றார். அதை ரெக்கார்டில் எழுத முடியாது, எத்தனை இன்ச் என்று கேட்டார். ஊர்த்தெருக்காரர் ஒருவர் தன் கையைக் காட்டினார். சித்தார்த் எழுந்து, அவர் கை பெரிய கை, பீமாராவ் கையால் அளந்தால் குறையும் என்று ஆட்சேபித்தான். யார் கையால் அளப்பது என்பதில் ஒரு டீ நேரம் போனது. கடைசியில் வெளியே போய் டேப் வைத்து அளந்தார்கள். மூன்று இன்ச் வந்தது. மூன்று இன்ச் என்று சொன்னதும் ஊர்த்தெருக்காரர்கள் முகம் சுண்டிவிட்டது. நாலு விரற்கடை என்னும்போது இருந்த கனம் அதில் இல்லை.

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னார்கள். காசிமாயனின் பெரியப்பா மகன், பொதுவாகச் சமாதானத்தை விரும்புகிறவர், இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"ஓட்டட்டும், வேணாம்னு சொல்லல. நம்ம தெரு வரைக்கும் மட்டும் காத்தக் கொஞ்சம் எறக்கிட்டுப் போகட்டும். தாண்டுனதும் அடிச்சுக்கிறட்டும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சைக்கிளை விட்டு இறங்கிப் போன என் அப்பன் ஞாபகம் எனக்கு வந்தது. கால் கூசியது. தாசில்தார் அம்மா பக்கத்தில் இருந்த பிரேக் இன்ஸ்பெக்டரிடம், இது நடைமுறையில் சாத்தியமா என்று கேட்டார். அவர் நிஜமாகவே யோசித்துவிட்டு, லோடோடு காற்று குறைந்தால் டயர் வெடிக்கும் என்றார். அந்த ஒரு காரணத்தால் மட்டும் அந்த யோசனை கைவிடப்பட்டது. அவரே, இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவைவிட டயர் பெரியது, சட்டப்படி பார்த்தால் தப்புத்தான் என்றும் சொல்லிவைத்தார். மதுரையில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

சித்தார்த் எழுந்தான். ஆசைக்காகப் போட்ட டயர் இல்லை அது, வேறு வழியில்லாமல் போட்டது என்றான். மழைக்காலத்தில் எங்கள் பாதையில் சாதாரண டயர் புதைந்துபோகும், பிள்ளைத்தாய்ச்சிகளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்த கதை எத்தனை இருக்கிறது, பிணத்தைக்கூட முழங்கால் சேற்றில் சுமந்திருக்கிறோம், அரசாங்கம் ரோடு போடாததால் ஒரு ஏழை டிரைவர் தன் கைக்காசைப் போட்டுப் பெரிய டயர் மாட்டவேண்டி வந்தது என்றான். அத்தனையும் சத்தியம், டயர் தவிர. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது. பீமாராவ் வாயைத் திறந்தான். சித்தார்த் அவன் தொடையை அழுத்தினான்.

தாசில்தார் அம்மா பேனாவை மூடி வைத்தார். ரோடு போட்டுக் கொடுத்தால் டயரை இறக்கிவிடுவீர்களா என்று கேட்டார்.

"எறக்கிருவோம் மேடம்," என்றான் சித்தார்த். யாருடைய டயர் என்பது அவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

பீமாராவ் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். காலனியிலிருந்து வந்த எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோடு வருகிறது, மாட்டேன் என்று சொல்ல அவன் யார்? தலையை ஆட்டினான்.

நிலம் வேண்டுமே என்று சித்தார்த் மெல்ல எடுத்தான். எல்லோரும் காசிமாயனைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். ஊர் ஒற்றுமைக்காகத் தருகிறேன் என்றார். சாமி? சாமியைத் தோட்டத்துப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம், உத்தரவு கேட்டாகிவிட்டது என்றார். எத்தனையோ கலெக்டர் மாறியும் நகராத சாமி அன்றைக்கு ஒரே மூச்சில் நகர்ந்துவிட்டது.

ரோடு போட்டார்கள். ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, ஓரத்துக்கு மண் அணைத்து, நல்ல ரோடாகவே போட்டார்கள். ரோட்டில் ரோலர் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பீமாராவ் கண்மாய்க் கரையில் தேவையில்லாமல் வண்டியை நிறுத்துவான். நான் எதுவும் கேட்கமாட்டேன். வேலை முடியும் தருவாயில், கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத் தார் வரவில்லை என்று ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, காலனி முழுக்க காண்டிராக்டரைத் திட்டியது. அவன் ஒருவன் மட்டும் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

டயர் இறக்கும் நாளில் வி.ஏ.ஓ. நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழங்காநத்தத்துக்குப் போகவில்லை, பீமாராவே வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துக் கழற்றினான். பழைய சக்கரங்களை மாட்டி, கூட வைத்த பட்டையையும் உருவினான். கழற்றிய நாலையும் சுவரோரம் சாய்த்துவைத்து, சேற்றைக் கழுவித் துடைத்தான். வி.ஏ.ஓ. போட்டோ எடுத்துக்கொண்டார். டயரோடு நிற்கச் சொன்னபோது பீமாராவ் நின்றான். அந்தப் போட்டோவில் அவன் சிரித்த மாதிரி இருக்கும்.

திறப்பு விழாவுக்கு வைத்த பேனரில் அவன் படமும் இருந்தது. சாலை மீட்ட போராளி என்று போட்டிருந்தார்கள். நிலம் தந்த வள்ளல் என்று காசிமாயன் படமும் பக்கத்தில். மறுநாள் காசிமாயன் கதவைத் திறந்து, யார் கையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். ரோடு நன்றாக இருக்கிறது, இல்லையா பீமா என்றார். ஆமாண்ணே என்றான் இவன். மூட்டு வலிப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான், என் தங்கச்சி பிள்ளைகள் சேறு மிதிக்காமல் பள்ளிக்கூடம் போகின்றன. ஆனால் பீமாராவ் வண்டியில் பாட்டுப் போடுவதை விட்டிருந்தான். அது எனக்கு வலித்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலனியில் கூட்டம் போட்டோம். தண்ணீர்க் குழாய் விஷயம். ஊர்த்தெரு முனைக் குழாயில் சண்டை கூடிவிட்டது, முத்துமீனாவின் குடம் ஒன்று நெளிந்து வந்திருந்தது. மனு கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்த மனுவெல்லாம் என்னவாயிற்று என்றார்கள். எல்லோரும் சோர்ந்துபோன நேரத்தில் ரெங்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். அந்த டயர் சும்மாதானே கிடக்கிறது, திரும்ப மாட்டினால் என்ன என்றாள்.

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். சித்தார்த் போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். மாட்டினால் ஊர்த்தெரு மனுக் கொடுக்கும். கொடுத்தால் தாசில்தார் கூப்பிடுவார். கூப்பிட்டால் இந்தத் தடவை தண்ணீரைப் பேசலாம். பட்டையில் இன்னொன்று சேர்த்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் தெருவிளக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் பீமாராவைப் பார்த்தார்கள்.

அவன் எழுந்து நின்றான். அந்த மாதிரி அவன் பேசி நான் கேட்டதில்லை.

"அவங்க திமிருன்னாங்க. நீங்க உரிமைன்னீங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சுன்னு யாராச்சும் ஒரு ஆளு சொன்னீங்களா? ஆசைப்பட்டு மாட்டுனேன்யா. அம்புட்டுத்தான். எனக்கெல்லாம் ஆசை வரக் கூடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சித்தார்த் நல்ல பையன், அவனுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. பக்கத்தில் வந்து பீமாராவ் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா ஆசைன்னு எழுதுனா மனுவையே வாங்க மாட்டாங்கண்ணே."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அது உண்மை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பீமாராவுக்கும் தெரிந்தது. கோபம் அவன் முகத்திலிருந்து இறங்கி, வேறு ஏதோ கணக்குப் போடுகிற முகம் வந்தது.

"அப்பத் தண்ணிக்குன்னே எழுது," என்றான். "நாளைக்கே மாட்டிர்றேன்."

கைதட்டினார்கள். போராளி என்று யாரோ கத்தவும் செய்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவன் நேராக வீட்டுக்கு வந்து, சுவரோரம் இருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தான். நான் வீல் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். முத்துமீனா நெளிந்த குடத்தை மடியில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு பீமாராவ் என் பக்கம் குனிந்தான்.

"மச்சான், தண்ணி மட்டும் சுருக்கா வந்துரக் கூடாதுய்யா."

சுத்தியல் சத்தம் நின்றது. முத்துமீனா குடத்தைத் திருப்பி நெளிவைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அதுக்கெல்லாம் பயப்படாதய்யா," என்றாள். "வராது."